கோவளத்துப் பாட்டாசானும் இருமொழிச் செவியும்: இராமகதைப்பாட்டின் மொழிநடை

அய்யிப்பிள்ளை ஆசான் என்னும் பெயரைத் தமிழில் எழுதப் புகும்போதே சிக்கல் தொடங்கிவிடுகிறது. மலையாள நூலார் அப்பெயரின் ஈற்றைப் 'பிள்ள' என்று எழுதுவர். நாம் 'பிள்ளை' என்று எழுதுகிறோம். அவர் பாடிய நூலை அவர்கள் 'ராமகதப்பாட்டு' என்பர். நாம் 'இராமகதைப்பாட்டு' என்போம். மலை 'மல' எனவும் தலை 'தல' எனவும் ஆவது போலச் சொல்லிறுதி ஐகாரம் அகரமாவது, இவ்விரு மொழிகளையும் பிரிக்கும் கோடுகளுள் ஒன்றென இலக்கண நூலார் காட்டுவதாகும். ஆனால் நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் பேச்சில் நாம் 'தல', 'பிள்ள' என்றுதானே வழங்குகிறோம்? எழுதும்போது தெரியும் கோடு, வாய் திறந்தவுடன் மறைந்துவிடுகிறது. பாட்டு வாயால் பாடப்படுவது. ஆகவே எழுத்தில் காணும் கோட்டைக் கொண்டு ஒரு பாட்டுக்காரரின் மொழியை அளப்பது தகுமா என்னும் வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அய்யிப்பிள்ளை ஆசான், திருவனந்தபுரத்திற்குத் தெற்கே கோவளத்தை அடுத்த அவாடுதுறையைச் சேர்ந்தவர். இராமகாதையை மூவாயிரத்தைக் கடந்த பாட்டுகளில் பாடியவர். அவர் காலம் பதினைந்தாம் நூற்றாண்டு என்பாரும், அதற்குப் பிற்பட்டது என்பாரும் உளர். பாரதம் பாட்டைப் பாடிய அய்யனப்பிள்ளை ஆசான் அவருடைய உறவினர். இருவரையும் சேர்த்துக் கோவளம் கவிகள் என மலையாள இலக்கிய வரலாறுகள் குறிக்கின்றன. உள்ளூர் பரமேசுவர ஐயர் தம் கேரள சாகித்திய சரித்திரத்தில் இவர்களுக்கு இடம் தந்தார், டாக்டர் பி. கே. நாராயண பிள்ளையின் பதிப்பு 1970இல் வெளிவந்தது. தமிழ் இலக்கிய வரலாறுகளில் இவர்களைத் தேடினால் கிடைப்பது அரிது. மலையாளத்தார்க்கு இவர் மொழி தமிழ் கலந்தது. தமிழர்க்கு அது மலையாளம். இரு வீட்டாரும் 'அவர் உங்கள் பிள்ளை' என்று சொல்லி ஒதுங்கிக்கொண்ட நிலை இது.

இராமகாதையை மலையாள மண்ணில் பாட்டாக்கியோர் பலர். இராமசரிதம் பாடிய சீராமனைத் திருவிதாங்கூர் அரசர் ஒருவரோடு இணைத்துப் பேசும் மரபு உண்டு. நிரணம் கவிகள் கல்வியிற் பெருத்த குடும்பத்தினர். கண்ணச்ச ராமாயணம் அக்குடும்பத்து ஆக்கமே. எழுத்தச்சனுக்கோ மாணாக்கர் மரபே உருவாயிற்று. இவ்வரிசையில் நம் ஆசானுக்கு அரசவையும் இல்லை, கல்விக்குடியும் இல்லை. அவரை உழவுத் தொழிலோடு தொடர்புபடுத்தியே மரபுக்கதை பேசுகிறது. தாமே பாட்டுக் கட்டி, தாமே கொட்டு முழக்கி, தாமே பாடியவர் அவர். இன்று நாம் தனிநிலைப் பாடகர் என்று சொல்லும் வகையினர்க்கு இப்பக்கத்தில் ஒரு முன்னோரைத் தேடினால் இவரைத்தான் காட்ட வேண்டும். 'ஆசான்' என்னும் சொல்லும் அரசர் தந்த விருதன்று. களரியிலும் பள்ளியிலும் கற்பிப்போரை ஊரார் அழைக்கும் சொல்.

அவரைப் பற்றி வழங்கும் கதை பலவாறு சொல்லப்படுகிறது. வாழைக்குலையைப் பத்மநாபசாமிக்குக் காணிக்கையாக்கச் சுமந்து சென்றார். போய்ச் சேர்ந்தபோது கோயில் நடை அடைத்துவிட்டது. அங்கே நின்ற முதியவர் ஒருவர் கொடுத்த பழத்தைத் தின்றார். தின்றவுடன் பாட்டுப் பிறந்தது. அந்தப் பழத்தின் தோலை உண்டதால் அய்யனப்பிள்ளை ஆசானும் பாடத் தொடங்கினார் என்பது கதையின் பிற்பகுதி. காளிதாசனுக்கும் காளமேகத்திற்கும் சொல்லப்படும் கதைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. இதனை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம். கல்லாதவன் கவியானதற்குத் தெய்வம் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது; கற்றவனுக்கு அது வேண்டியதில்லை. இக்கதையைக் கட்டியவர்கள் ஆசானைப் புகழ்ந்தார்கள். ஆனால் அவருடைய தொழிற்பயிற்சியை, ஆண்டுக்கணக்கில் பாடிப் பாடி வந்த கைப்பழக்கத்தை, ஒரு பழத்திற்குள் அடக்கிவிட்டார்கள். பாரதம் பாட்டு சற்றுக் குறைந்தது என்னும் இலக்கிய மதிப்பீட்டையும் பழத்தோல் என்னும் ஒரே சொல்லில் முடித்துவிட்டதை எண்ணினால், அவர்கள் தேர்ந்த திறனாய்வாளர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது.

இப்பாட்டுப் பாடப்பட்ட முறை பற்றிச் சில செய்திகள் உறுதியாகக் கிடைக்கின்றன. பத்மநாபசாமி கோயில் விழாக்காலங்களில் இது பாடப்பட்டது. பக்கவாத்தியம் சந்திரவளையம். வளையத்தில் தோல் இழுத்துக் கட்டிய சிறு கொட்டு அது. ஒருவரே வைத்துக்கொண்டு முழக்கவும் பாடவும் ஏற்றது. பாட்டுகளுக்கு இடையிடையே விருத்தங்கள் வருகின்றன. விருத்தம் தாளக்கட்டின்றி நீட்டி இசைக்கப்படுவது. பாட்டு தாளத்தோடு செல்வது. கச்சேரி மேடையில் இன்றும் விருத்தம் பாடிப் பின் கீர்த்தனை எடுக்கும் வழக்கம் நமக்குப் பழகியதே. கதைப்பாட்டில் இதன் பயன் வேறு. விருத்தத்தில் கொட்டு ஓய்கிறது. பாடுவோர் மூச்சு வாங்குகிறார். கேட்போர் சொல்லைக் கேட்கிறார்கள். பாட்டு தொடங்கியதும் கதை ஓடுகிறது. வடமொழி யாப்பை நாடாது நாட்டார் மெட்டுகளையும் திராவிட யாப்பையும் ஆசான் கைக்கொண்டதற்கு இவ்வோட்டமே காரணம் எனலாம்.

பாலக்காட்டுப் பகுதியில் பகவதி கோயில்களில் நிகழும் தோல்பாவைக்கூத்தோடு இதை ஒப்பிட வேண்டும். அங்கும் இராமகாதைதான், அங்கும் தமிழ்தான் அடிப்படை. ஆனால் அங்குள்ள புலவர்கள் கம்பனின் செய்யுள்களைப் பாடி, தமிழும் மலையாளமும் விரவிய உரைநடையில் அவற்றிற்கு விளக்கம் சொல்கிறார்கள். செய்யுள் ஒரு மொழி, உரை மற்றொரு மொழி என்னும் பகுப்பு அங்கே தெளிவாக இருக்கிறது. கோவளத்து ஆசானோ கம்பனை அறிந்தவர், பல இடங்களில் கம்பனைத் தழுவியவர். எனினும் கம்பன் செய்யுளை எடுத்துப் பாடி உரை சொல்லவில்லை. உரைகாரரும் தாமே, பாட்டுக்காரரும் தாமே என்றாகிவிட்டதால், செய்யுளுக்கும் உரைக்கும் இடையே இருந்திருக்க வேண்டிய இருமொழிப் பகுப்பு ஒரே அடிக்குள் வந்து தங்கிவிட்டது. அவருடைய மொழியின் புதுமையும் அதனால் எழும் சிக்கலும் இதிலிருந்தே பிறக்கின்றன.

மொழி பற்றிய பழைய மதிப்பீடுகள்

'பாட்டு' என்னும் இலக்கிய வகைக்குப் பதினான்காம் நூற்றாண்டின் லீலாதிலகம் இலக்கணம் வகுத்தது. தமிழ் எழுத்துகளால் மட்டும் அமைந்து, எதுகையும் மோனையும் தனி யாப்பும் உடையதே பாட்டு என்பது அதன் கருத்து. அந்த அளவுகோலில் இராமசரிதம் பொருந்தும். அதன் 164 பகுதிகளிலும் 1814 பாட்டுகளிலும் அக்கட்டுப்பாடு காக்கப்படுகிறது. இராமகதைப்பாட்டு அவ்வளவு கட்டுப்பாடு உடையதன்று. அதனாலேயே இதனைத் தளர்ந்த பாட்டு, கலப்பு நடை, மலையாண்தமிழ் என்று பலவாறு குறித்தனர்.

இக்குறிப்புகளுக்குப் பின்னே இரண்டு கொள்கைகள் நிற்கின்றன. ஒன்று, இந்நடை தமிழிலிருந்து மலையாளம் பிரிந்துவரும் வழியில் ஒரு படிநிலை என்பது. மற்றொன்று, மலையாளம் முன்னரே பிரிந்துவிட்டது. இது புலவர்கள் செயற்கையாகச் செய்த கலப்பு என்பது. இராமசரிதத்தைப் பற்றி எழுந்த இவ்வழக்கு அப்படியே இராமகதைப்பாட்டின் மேலும் ஏற்றப்பட்டது. டாக்டர் கே. எம். ஜார்ஜ் 1956இல் இராமசரிதத்தைக் கொண்டு பழைய மலையாளத்தை ஆராய்ந்ததும், அதற்கு முன்பும் பின்பும் வந்த வரலாற்று மொழியியல் ஆய்வுகளும் சிறந்த பயன் தந்தன, அதில் ஐயமில்லை. ஆயினும் இரு கொள்கையாரும் நூலை ஓலையில் உறைந்த சான்றாகவே கண்டனர். முன்னே அமர்ந்து கேட்டவர்கள் யார் என்னும் வினா அவர்களுக்கு எழவில்லை.

ஏ. ஆர். இராசராச வர்மா 1896இல் வெளியிட்டு 1917இல் திருத்தியமைத்த கேரள பாணினீயம், மலையாளம் தனிமொழியாக ஆறு மாற்றங்களைக் காரணமாகக் காட்டுகிறது. அவற்றுள் நமக்கு வேண்டியவை சில. மெல்லினம் தன்னை அடுத்த வல்லினத்தைத் தன்வயமாக்குவது முதலாவது. வந்து 'வந்நு' ஆவதும் மாங்காய் 'மாங்ங' ஆவதும் இதனால். தகரம் சகரமாவது இரண்டாவது. அடித்து 'அடிச்சு' ஆகிறது. வினைமுற்றில் திணை பால் எண் இட விகுதிகள் மறைவது மற்றொன்று. வந்தான், வந்தாள், வந்தார் எல்லாம் 'வந்நு' என்னும் ஒன்றில் அடங்கிவிடுகின்றன.

இவற்றைக் கொண்டு ஒரு பாட்டில் எத்தனை பங்கு தமிழ், எத்தனை பங்கு மலையாளம் என்று எண்ண முற்பட்டால் கணக்கு நிற்பதில்லை. அடிச்சு, படிச்சு, வச்சு என்பன மலையாளமா? தமிழ்நாடெங்கும் பேச்சு அதுவே. வந்தான், கண்டான் என்னும் ஆன் ஈறு தமிழா? எழுத்தச்சன் வரையிலும் மலையாளச் செய்யுளில் ஆன், ஆள், ஆர் ஈறுகள் வழங்கின. பேச்சில் மறைந்த விகுதிகள் செய்யுளில் எஞ்சுவதைக் கால்டுவெல்லும் கண்டு எழுதினார். ஆகவே தமிழன் 'தமிழ்' என்று எண்ணும் வடிவம் மலையாளச் செய்யுள் வடிவமாக இருக்கலாம். 'மலையாளம்' என்று ஒதுக்கும் வடிவம் அவன் வீட்டுப் பேச்சாகவே இருக்கலாம். உறுதியாகப் பிரித்துக் காட்டுவது மெல்லின மாற்றம் ஒன்றே. அதையும் ஏட்டின் எழுத்து மறைத்துவிட இடமுண்டு. எழுதுவோன் பழைய முறையில் 'ங்க' என்று எழுதிவிட்டு, பாடுவோன் 'ங்ங' என்று பாடுவதற்கு எத்தடையும் இல்லை.

'கண்டு' என்னும் சொல்

கலப்பு, படிநிலை என்னும் இரண்டையும் விட்டு, பாட்டுக்காரர் நிலையில் நின்று ஒரு சொல்லை நோக்குவோம். கண்டு, கேட்டு, கொண்டு, ஓடி, பாடி, சொல்லி ஆகிய வடிவங்களில் மெல்லின மாற்றத்திற்கோ சகர மாற்றத்திற்கோ இடமில்லை; இரு மொழியிலும் இவை ஒன்றே. ஆனால் தொழில் வேறு. தமிழனுக்குக் 'கண்டு' என்பது வினையெச்சம். அதைக் கேட்டவுடன் முடிக்கும் வினைக்காக அவன் காத்திருப்பான். மலையாளிக்கு அது எச்சமாகவும் ஆகும், முற்றாகவும் ஆகும். 'அவன் கண்டு' என்றால் 'அவன் பார்த்தான்' என்று தொடர் முடிந்துவிடும்.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே அடியை இருவர் கேட்கிறார்கள். ஒருவர் செவியில் செய்தி முடிந்தது. மற்றவர் செவியில் அது இன்னும் தொங்கிக்கொண்டு நிற்கிறது. அனுமன் கடலைத் தாண்டினான், இலங்கையைக் கண்டான், தேடினான் என்று தனித்தனியாக முடியும் செயல்களை ஒருவர் கேட்கும்போது, தாண்டி, கண்டு, தேடி என்று மேன்மேலும் அடுக்கி எதையோ நோக்கி விரையும் நீண்ட தொடரை மற்றவர் கேட்கிறார். (இங்கே காட்டும் தொடர் விளக்கத்திற்காக நாம் அமைத்தது.) கதைப்பாட்டின் ஓட்டத்திற்கு இதனினும் வாய்ப்பான கருவி வேறில்லை. அடுக்கு முடியும் இடத்தில் 'கண்டான்', 'சென்றான்' என விகுதியோடு ஒரு முற்று வருமானால், அது இரு சாரார்க்கும் ஒருங்கே முடிவு. ஆன் என்னும் நெடிலும் மெல்லின ஒற்றும் குரலை நீட்டி நிறுத்துவதற்கு ஏற்றவை. 'வந்நு' என்பதன் ஈற்றுகரமோ குறுகித் தேய்ந்து அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். கொட்டு விரையும்போது அதுவே வசதி.

விகுதியுள்ள வடிவமும் விகுதியற்ற வடிவமும் ஒருவரிடமே வருவதைக் கண்டு, இவர் மொழி உறுதிப்படாத காலத்தவர் என்றனர் சிலர். மொழியறிவு போதாதவர் என்று கருதுவாரும் உண்டு. இரண்டையும் வேண்டிய இடத்தில் பயன்படுத்தத் தெரிந்தவர் என்று கொள்வதே என் கருத்து. நிறுத்தவும் ஓட்டவும் இருவகை வடிவங்கள் கையில் இருக்கும்போது பாட்டுக்காரர் ஒன்றை ஏன் விடவேண்டும்?

எதுகைக்கும் இது பொருந்தும். ஐந்து என்பதற்கு மைந்து, பைந்து எனத் தொடங்கும் சொற்கள் எதுகையாகும், நெஞ்சு ஆகாது. அஞ்சு என்று சொன்னால் நெஞ்சும் பஞ்சும் மஞ்சும் வந்து சேர்ந்துகொள்ளும். ஒரே எண்ணுப்பெயரின் இரு வடிவங்கள் இரண்டு எதுகைக் குடும்பங்களைத் திறந்துவிடுகின்றன. இது தமிழுக்குள்ளேயே உள்ள வசதி. வில்லுப்பாட்டுப் புலவர்கள் நன்கு பயன்படுத்துவது. மலையாள வடிவங்களும் கைவசமுள்ள ஒருவருக்கு இவ்வசதி பின்னும் பெருகுகிறது. பாட்டை உடனுக்குடன் நீட்டிப் பாட வேண்டிய தொழிலில் இது அலங்காரமன்று, பிழைப்பு. மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்டு ஆகிய இருவரும் யூகோசுலாவியாவின் கதைப்பாடகர்களை ஆராய்ந்து, அவர்கள் ஆயத்தமான சொற்றொடர்களைக் கொண்டு பாடும்போதே பாட்டைக் கட்டுகிறார்கள் என்று காட்டினர்; லார்டின் நூல் 1960இல் வந்தது. நம் ஆசானைப் பற்றி அவ்வளவு சொல்ல முடியாது. ஏனெனில் இங்கே ஏடு உண்டு. ஆயினும் அங்கே ஒரு மொழிக்குள் இருந்த ஆயத்தத் தொடர்க் களஞ்சியம், இங்கே ஒவ்வொரு தொடருக்கும் இரண்டு உருவங்களோடு கிடைத்தது என்பதை இப்பக்கத்து ஆய்வாளர்கள் கணக்கிலெடுத்ததாகத் தெரியவில்லை.

கேட்டவர்கள்

இருமொழிச் செவி என்பது கற்பனையன்று. பத்மநாபசாமி கோயிலின் இரு பெருவிழாக்களுக்கும் அல்பசி, பைங்குனி என்று பெயர். மலையாளக் கணக்கில் அவை துலாமும் மீனமும் ஆகும். கோயிலோ ஐப்பசி, பங்குனி என்னும் தமிழ் மாதப் பெயர்களைச் சற்றுத் திரிந்த ஒலியோடு இன்றும் வைத்திருக்கிறது. கோயில் மதிலகத்து ஓலைச்சுருணைகளில் வட்டெழுத்தும் மலையாண்மை எழுத்தும் உள. திருவிதாங்கூரின் பழைய தலைநகரம் நாஞ்சிலை ஒட்டிய பத்மநாபபுரம். தலைநகரம் திருவனந்தபுரத்திற்கு மாறியது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் 1956 நவம்பர் 1 வரை இதே ஆட்சிப்பரப்பில் இருந்தன. கோயில் விழாவிற்கு வந்து கூடியோர் எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் உள்ளோர். அன்று எல்லை என்று ஒன்று இல்லை.

அத்தகைய கூட்டத்தை இன்று காண வேண்டுமாயின் கோயிலுக்குக் கிழக்கே சாலைக்குப் போகலாம். கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் இக்கம்போளத்தைத் திவான் இராசா கேசவதாசன் அமைத்தது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதாவது ஆசானுக்கு நெடுங்காலம் பின்பு. (அருகிலுள்ள வலியசாலையைக் காந்தளூர்ச் சாலையோடு இணைத்து, இராசராசன் மெய்க்கீர்த்தி வரை கொண்டுசெல்லும் வாதம் தனி ஆய்வுக்குரியது, இங்கே அதற்குள் புக வேண்டியதில்லை.) நெல்லையிலிருந்தும் நாஞ்சிலிலிருந்தும் வந்து தலைமுறைகளாகக் கடை நடத்துவோர் இங்கே பலர். தோவாளைப் பூ இங்கே வந்து இறங்குகிறது. கடைக்காரர் மலையாளத்தில் விலை சொல்லி, தமிழில் ஆளை ஏவி, இரண்டும் கலந்த ஒன்றில் பேரம் முடிப்பதை எவரும் கேட்கலாம். இப்பேச்சை ஆராய்வோர் இதனை மொழிக்கலப்பு, மொழித்தாவல் என்று பகுப்பர். ஆனால் கேட்கும் எவரும் இதனைப் 'படிநிலை' என்று சொல்லமாட்டார்கள். இரு மொழியும் முழுதாக இருக்கும்போதே இவ்வாறு பேச முடிகிறது என்பதற்கு இது கண்கூடான சான்று. கோவளத்திலிருந்து திருவல்லம், மணக்காடு வழியாகக் கோட்டைக்கு வந்து பாடிய ஒருவரின் நடைக்கு ஏட்டிலிருந்து மட்டும் விளக்கம் தேடாமல், இதன் கிழக்குப் பக்கத்துக் கடைத்தெருவிலிருந்தும் தேடலாம் என்பதே இங்கு வற்புறுத்துவது.

இப்பக்கத்துத் தென்பாட்டுகள் அனைத்திற்கும் இப்பொதுச்செவி உண்டு. 1634இல் கணியாகுளம் போரில் வீழ்ந்த இரவிக்குட்டிப் பிள்ளையைப் பற்றிய கதைப்பாட்டும், உலகுடைப்பெருமாள் கதையும் தமிழர்க்கும் மலையாளிகட்கும் பொதுவாகவே பாடப்பட்டு வந்துள்ளன. வில்லடிப்போர் வலம் பாடுவோர், இடம் பாடுவோர் எனக் குழுவாக அமர்ந்து பாடுவர். ஒருவர் விட்டதை மற்றவர் எடுப்பர். சந்திரவளையக்காரர்க்கு அத்துணை இல்லை. ஆகவே விருத்தமும் பாட்டும் மாறி மாறி வருவதும், மொழி வடிவங்கள் மாறி மாறி வருவதும் ஒரு தனிக்குரலைச் சலிப்பின்றி நெடுநேரம் கேட்கச் செய்யும் உத்திகள் ஆகின்றன.

சலிப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. போர்ப் பகுதியின் நீளம் படிப்போனைக் களைப்பிக்கிறது. சொன்னதையே சொல்லும் இடங்கள் ஏராளம். தாளத்தோடு கேட்கும்போது அவை சுமையாகா. அச்சில் பக்கம் பக்கமாக நிற்கும்போது சுமையே. கம்பனை அருகில் வைத்துக்கொண்டு அடிக்கு அடி ஒப்பிடுவோர்க்கு ஆசான் எளியவராகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அவ்வொப்பீடு, படிக்கும் நூலோடு கேட்கும் நூலை ஒப்பிடுவது. சொற்செறிவு கம்பனின் வலிமை. ஆசானின் வலிமை சொல்லுக்குச் சொல் செறிவில் இல்லை. ஒரு கூட்டத்தின் இரு பாதியையும் ஒரே மூச்சில் கதையோடு இழுத்துச் செல்வதில் உள்ளது.

பெயர்ப்போர்க்கு

இந்நூலைத் தமிழுக்குக் கொண்டுவர முனைவோர் முன் மூன்று வழிகள் உண்டு. வரிவடிவத்தை மட்டும் மாற்றித் தமிழ் எழுத்தில் அச்சிட்டு, அருஞ்சொற்பொருள் தருவது ஒன்று. திருத்தமான இலக்கியத் தமிழாக்குவது ஒன்று. நாஞ்சில் பேச்சுத் தமிழுக்கு மாற்றுவது மூன்றாவது.

இரண்டாம் வழி எளியது போலத் தோன்றும். அதுவே பெரிய இழப்பைத் தரும். 'வந்நு' என்பதை வந்தான் ஆக்கி, 'மல' என்பதை மலை ஆக்கிக்கொண்டே போனால் ஒரு நடுத்தரமான தமிழ்க் கதைப்பாடல் கையில் எஞ்சும். அதில் எல்லாத் தொடரும் முடிந்திருக்கும்; எதுவும் ஓடாது. 'பழைய தமிழை மீட்டோம்' என்று சொல்லிக்கொள்ளலாம். மீட்கப்பட்டது அங்கே இருந்ததே இல்லை.

முதல் வழியில் வேறோர் இடர் உண்டு. எழுத்தைப் பெயர்த்தவுடன் சொல் தமிழ்போலத் தோன்றிவிடும். படிப்போர் தமிழ்ப் பொருளே கொள்வர். வெள்ளம் மலையாளத்தில் குடிக்கும் நீர், தமிழில் பெருக்கு. பட்டி அங்கே நாய். இங்கே தொழுவம் அல்லது சிற்றூர். களி அங்கே விளையாட்டு. இங்கே மகிழ்ச்சி, அல்லது கேழ்வரகுக் களி. பறைதல் என்னும் சொல் பழந்தமிழில் இருந்தும் பொதுத்தமிழில் அருகிவிட்டது; நாஞ்சிலார்க்கு அது நேரே விளங்கும், தஞ்சையார்க்கு விளங்காது. அயல்மொழி என்று தெரிந்த மொழியிலிருந்து பெயர்க்கும்போது நாம் விழிப்பாக இருக்கிறோம். உறவுமொழியில் விழிப்புத் தளர்ந்துவிடுகிறது. இருப்பினும், பாட்டின் ஒலியும் எதுகையும் பிழைத்திருப்பது இவ்வழியில்தான்.

பேச்சுத்தமிழாக்கம் கவர்ச்சியானது, தென்திருவிதாங்கூர்த் தமிழை எழுத்தில் ஆண்ட நாவலாசிரியர்கள் அதற்கு வழியும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் இன்றைய பேச்சை அன்றைய பாட்டின் மேல் போர்த்துவது காலமயக்கம் தரும். செய்யுட்குரிய ஆன், ஆள் ஈறுகளை அது தாங்கவும் தாங்காது. மேடையில் பாடிக்காட்டுவதற்கு இவ்வாக்கம் உதவும். ஆய்வுப் பதிப்பிற்கு உதவாது.

ஆகவே எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிடுவதையே பரிந்துரைக்க வேண்டியுள்ளது: ஒரு பக்கம் தமிழ் வரிவடிவில் மூலம், மறுபக்கம் எளிய உரைநடையில் பொருள். விருத்தமும் பாட்டும் வேறுபட்ட அச்செழுத்தில் இருக்க வேண்டும். கொட்டு எங்கே ஓய்கிறது என்பதைப் படிப்போன் கண்ணாலேனும் அறியட்டும். மெல்லின மாற்றம் பெற்ற வடிவங்களை ஏட்டில் உள்ளபடியே தர வேண்டும். 'ங்க' என இருப்பதை 'ங்ங' எனத் திருத்துவதும், மறுதலையாகத் திருத்துவதும் கூடா. எல்லாவற்றிற்கும் மேலாக நிறுத்தற்குறிகள். ஏட்டில் அவை இல்லை. நவீனப் பதிப்புகளில் அடிதோறும் அரைப்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இடும் பழக்கம் வந்துவிட்டது. 'கண்டு' என்னும் சொல்லுக்குப் பின் முற்றுப்புள்ளி இட்டால் அது மலையாளம். காற்புள்ளி இட்டால் தமிழ். மூலப்பக்கத்தில் அவ்விடத்தை வெறுமையாகவே விட வேண்டும். உரைப்பக்கத்தில் மட்டும், அடுக்கின் இறுதியில் ஆன் ஈறு வரும் இடம் வரை தொடரை நீட்டி எழுதி, அங்கே ஒரு முற்றுப்புள்ளி இடலாம்.